கரி வெட்டியவர்கள் கொண்டு வந்த கோப்பை

சம்பளம் இல்லாமல் கால்பந்து ஆடிய சுரங்கத் தொழிலாளர்களின் கதை

1909-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம் 12-ந்தேதி.

இத்தாலி நாட்டில் உள்ள டூரின் நகரத்தில் ஒரு கால்பந்து பந்தயம் நடந்தது. மைதானத்தைச் சுற்றிலும் மக்கள் கூடி நின்றார்கள். ஒரு பக்கம் சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த வின்டர்தூர் கோஷ்டி. மறு பக்கம் இங்கிலாந்தில் இருந்து வந்த ஒரு கோஷ்டி.

இங்கிலாந்து கோஷ்டியின் பெயர் வெஸ்ட் ஆக்லண்ட். அப்படி ஓர் ஊர் இருப்பது இங்கிலாந்திலேயே பலருக்குத் தெரியாது. அது ஒரு சிறிய கிராமம். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் நிலக்கரி சுரங்கத் தொழிலாளர்கள். பூமிக்கு அடியில் குனிந்தும் படுத்தும் கரி வெட்டிப் பிழைப்பவர்கள்.

ஆட்டம் முடிந்தது. 2 கோல் போட்டு வெஸ்ட் ஆக்லண்ட் ஜெயித்தது. வின்டர்தூர் ஒரு கோல் கூடப் போடவில்லை.

பல நாட்டுக் கோஷ்டிகள் கலந்து கொண்ட பந்தயத்தின் பரிசுக் கோப்பை, கரி வெட்டிய கைகளுக்கு வந்து சேர்ந்தது. இன்று எல்லோருக்கும் தெரிந்த உலகக் கோப்பைப் பந்தயம் 1930-ல்தான் தொடங்கியது. அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது.

அந்தக் கோப்பை பிறகு பட்ட பாடு கொஞ்சம் அல்ல. அது அடகு போனது. மீண்டு வந்தது. கடைசியில் திருட்டும் போனது!

டர்ஹாம் மாவட்டம்

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் டர்ஹாம் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே எங்கு பார்த்தாலும் நிலக்கரி சுரங்கங்கள். சுரங்கம் இருந்த இடம் எல்லாம் ஊர். ஊர் இருந்த இடம் எல்லாம் ஒரு கால்பந்து கோஷ்டி.

காலையில் சிலர் சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். மாலையில் சிலர் இறங்குவார்கள். மேலே வரும்போது முகம் தெரியாது. கண் இரண்டும்தான் வெள்ளையாகத் தெரியும். மண் சரிந்து செத்தவர்கள் உண்டு. விஷ வாயு வெடித்துச் செத்தவர்கள் உண்டு. காலையில் போன கணவன் மாலையில் வருவானா என்று வாசலைப் பார்த்துக் கொண்டிருந்த பெண்கள் வாழ்ந்த ஊர்கள் அவை.

அந்த மக்களுக்கு வாரத்தில் ஒரு சந்தோஷம். அதுதான் சனிக்கிழமை பிற்பகல் கால்பந்து ஆட்டம். வெளிச்சத்தில் ஓடலாம். நல்ல காற்றை மூச்சு முட்ட இழுக்கலாம். ஊரே திரண்டு வந்து கை தட்டும்.

லீக் பிறந்தது

1888-ல் இங்கிலாந்தின் பெரிய கோஷ்டிகள் சில சேர்ந்து ஒரு லீக் அமைத்தன. அதுதான் உலகத்தின் முதல் கால்பந்து லீக். வடகிழக்கு ஊர்களுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.

"நமக்கு நாமே ஒரு லீக் அமைத்துக் கொள்ளலாம்" என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 1889-ல் டர்ஹாம் நகரத்தில் கூடிப் பேசினார்கள். 10 கோஷ்டிகள் சேர்ந்தன. அதற்கு நார்தர்ன் லீக், அதாவது வடக்கு லீக், என்று பெயர் வைத்தார்கள். இன்றும் நடந்து வரும் லீகுகளில் உலகத்திலேயே இரண்டாவது பழைய லீக் இதுதான்.

லீக் என்பது என்ன? கோப்பைப் பந்தயம் என்பது என்ன? இரண்டும் வேறு வேறு.

லீகில் ஒவ்வொரு கோஷ்டியும் மற்ற எல்லாக் கோஷ்டிகளோடும் இரண்டு முறை ஆடும். ஒரு முறை சொந்த ஊரில். மறு முறை எதிரியின் ஊரில். அந்தக் காலத்தில் ஜெயித்தால் 2 புள்ளி. சமமாக முடிந்தால் 1 புள்ளி. ஆண்டு முடிவில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவரே சாம்பியன். இதில் ஒரு நாள் தோற்றாலும் மறு வாரம் ஈடு கட்டி விடலாம்.

கோப்பைப் பந்தயம் அப்படி அல்ல. தோற்றவன் அன்றே வெளியேற வேண்டும். ஜெயித்தவன் அடுத்த சுற்றுக்குப் போவான். கடைசியில் மிஞ்சும் இரண்டு கோஷ்டிகள் இறுதி ஆட்டம் ஆடும். லீகில் நிலைத்து நிற்பவனுக்கு மதிப்பு. கோப்பையில் துணிந்தவனுக்கு அதிர்ஷ்டம்!

வடக்கு லீகில் இருந்து சில கோஷ்டிகள் பெரிய நிலைக்குப் போயின. தொடக்கத்தில் சேர்ந்த 10 கோஷ்டிகளில் நியூகாசில் ஈஸ்ட் எண்டு ஒன்று. அதுதான் 1892-ல் நியூகாசில் யுனைடெட் என்று பெயர் மாறியது. மிடில்ஸ்பரோ கோஷ்டியும் இங்கே ஆடியதுதான். அவை சம்பளக் கோஷ்டிகளாக மாறி, பெரிய லீகுக்குப் போய் விட்டன.

மிஞ்சியவை சிற்றூர்க் கோஷ்டிகள். அவை "அமெச்சூர்" கோஷ்டிகள். அதாவது, ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது. பிழைப்புக்கு ஒரு வேலை. ஆசைக்கு ஒரு ஆட்டம். அதுதான் விதி.

தேயிலை வியாபாரியின் பரிசு

டூரின் நகரப் பந்தயத்துக்குப் பரிசு கொடுத்தவர் சர் தாமஸ் லிப்டன். "லிப்டன் டீ" என்ற பெயரைக் கேட்காத வீடு உண்டா? அந்த லிப்டன்தான்!

அவர் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1871-ல் சின்ன மளிகைக் கடை வைத்தார். கடை பெருகியது. ஊர் ஊராகக் கிளைகள் திறந்தார். பிறகு தேயிலை வியாபாரத்தில் இறங்கினார்.

1890-ல் இலங்கைக்குப் போனார். அங்கே காப்பித் தோட்டங்கள் நோய் கண்டு அழிந்து போயிருந்தன. தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. அப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை அவர் வாங்கினார். தேயிலையைப் பொட்டலம் கட்டி இங்கிலாந்தில் மலிவாக விற்றார். பணம் கொட்டியது.

அந்தத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் யார்? தமிழ்நாட்டில் இருந்து பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்து போன தமிழர்கள். குளிரிலும் மழையிலும் முதுகில் கூடை சுமந்து மலை ஏறிய ஆண்களும் பெண்களும். அவர்கள் பறித்த இலைதான் லிப்டனுக்குச் செல்வமாக மாறியது. அந்தச் செல்வத்தில் வாங்கிய கோப்பையைத்தான் டர்ஹாம் சுரங்கத் தொழிலாளி ஜெயித்தான். பாடுபட்டவனின் வேர்வையில் வந்த கோப்பை, பாடுபட்டவன் கைக்கே போனது! இரண்டு கூட்டத்தாரும் ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது.

லிப்டனுக்குப் படகுப் பந்தயத்தில் ஆசை அதிகம். அமெரிக்கர்களிடம் இருந்த புகழ் பெற்ற படகுக் கோப்பையை ஜெயிக்க 1899 முதல் 1930 வரை 5 முறை முயன்றார். 5 முறையும் தோற்றார். ஆனாலும் சிரித்த முகம் மாறவில்லை. தமக்குக் கிடைக்காத கோப்பையைப் பிறருக்குக் கொடுத்துச் சந்தோஷப்பட்டவர் என்று அவரைச் சொல்லலாம்.

ஏன் இந்தக் கிராமம்?

டூரின் பந்தயத்துக்கு இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளில் இருந்து கோஷ்டிகள் வந்தன. இங்கிலாந்தில் இருந்தும் ஒரு கோஷ்டி வர வேண்டும் என்று லிப்டன் விரும்பினார். இங்கிலாந்து கால்பந்து சங்கம் பெரிய கோஷ்டி எதையும் அனுப்ப மறுத்து விட்டது.

பிறகு வெஸ்ட் ஆக்லண்டுக்கு எப்படி அழைப்பு வந்தது? இதற்கு ஒரு வேடிக்கைக் கதை சொல்கிறார்கள்.

அப்போது லண்டனில் வுல்விச் ஆர்சனல் என்ற பெரிய கோஷ்டி இருந்தது. அதன் பெயரைச் சுருக்கினால் டபிள்யூ.ஏ. வெஸ்ட் ஆக்லண்டைச் சுருக்கினாலும் டபிள்யூ.ஏ. தான்! "டபிள்யூ.ஏ.வைக் கூப்பிடு" என்று லிப்டன் சொன்னாராம். குமாஸ்தா தவறிப் போய்க் கடிதத்தைக் கிராமத்துக்கு அனுப்பி விட்டாராம்!

இது கதைதான். இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஊரில் தாத்தா பேரனுக்குச் சொல்லும் கதை இது.

அழைப்பு வந்த சமயத்தில் வெஸ்ட் ஆக்லண்ட் நல்ல நிலையில் இல்லை. லீக் பட்டியலில் அடிப்பகுதியில் கிடந்தது. ஆட்டக்காரர்கள் வேலைக்கு லீவு போட வேண்டும். லீவு போட்டால் கூலி கிடையாது. பயணச் செலவுக்கு வீட்டுச் சாமான்களை அடகு வைத்தவர்களும் உண்டு என்று ஊரில் சொல்கிறார்கள்.

சில பேர் அதற்கு முன் தங்கள் மாவட்டத்தைத் தாண்டியதே கிடையாது. இப்போது ரயில் ஏறி, கப்பல் ஏறி, மறுபடியும் ரயில் ஏறி இத்தாலிக்குப் போனார்கள்.

முதல் ஆட்டத்தில் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் கோஷ்டியை 2-0 என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். இறுதி ஆட்டத்தில் வின்டர்தூரை அதே கணக்கில் வென்றார்கள்.

மறுபடியும் வெற்றி

ஜெயித்தவர்கள் கோப்பையைக் காப்பாற்ற 1911-ல் மறுபடியும் டூரினுக்குப் போனார்கள். சூரிச் கோஷ்டியை 2-0 என்று வென்றார்கள். ஏப்ரல் 17-ந்தேதி இறுதி ஆட்டம். எதிரி யார் தெரியுமா? டூரின் நகரத்துச் சொந்தக் கோஷ்டியான ஜூவன்டஸ்!

இன்று ஜூவன்டஸ் என்றால் உலகமே அறியும். கோடி கோடியாகப் பணம் புரளும் கோஷ்டி. அதை அன்று சுரங்கத் தொழிலாளர்கள் 6-1 என்ற கணக்கில் அடித்து நொறுக்கினார்கள்.

இரண்டு முறை ஜெயித்ததால் கோப்பை அவர்களுக்கே சொந்தம் ஆயிற்று.

கோப்பை அடகு போனது

ஊர் திரும்பினார்கள். ஊரே கொண்டாடியது. ஆனால் சங்கத்தின் பெட்டியில் பணம் இல்லை. இத்தாலிப் பயணத்தால் கடன் ஏறி இருந்தது.

என்ன செய்வது? கோஷ்டியிடம் விலை உயர்ந்த பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தக் கோப்பை!

ஊரில் விடுதி நடத்திய ஓர் அம்மாள் 40 பவுன் கொடுத்தார். அன்றைய கணக்கில் அது 600 ரூபாய். அதற்கு ஈடாகக் கோப்பையை அவரிடம் கொடுத்தார்கள். "பணம் வந்ததும் மீட்டுக் கொள்வோம்" என்று நினைத்தார்கள்.

பணம் வரவில்லை. முதலாவது உலகப் போர் வந்தது. வேலை நிறுத்தங்கள் வந்தன. வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. இரண்டாவது உலகப் போரும் வந்து போயிற்று. கோப்பை அந்த அம்மாளிடமே இருந்தது.

1960-ல் ஊரார் விழித்துக் கொண்டார்கள். "நம் ஊர்ப் பெருமை வேறு வீட்டில் இருக்கலாமா?" என்று கேட்டுப் பணம் திரட்டினார்கள். 100 பவுன் கொடுத்துக் கோப்பையை மீட்டார்கள். அன்றைய கணக்கில் 1,300 ரூபாய்க்கு மேல். 49 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை ஊர் வந்து சேர்ந்தது. தொழிலாளர் சங்கக் கட்டிடத்தில் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

அமெச்சூர் கோப்பை

டூரின் கோப்பை ஒரு கிராமத்தின் பெருமை. வடக்கு லீக் முழுவதும் ஏங்கிய கோப்பை வேறு ஒன்று உண்டு. அதுதான் அமெச்சூர் கோப்பை.

சம்பளம் வாங்காத கோஷ்டிகளுக்காக இங்கிலாந்து கால்பந்து சங்கம் 1893-ல் தொடங்கிய பந்தயம் இது. நாடு முழுவதும் இருந்து கோஷ்டிகள் கலந்து கொள்ளும். தெற்கே இருந்து வருபவர்களில் கல்லூரியில் படித்தவர்கள், அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் அதிகம். வடக்கே இருந்து வருபவர்களில் சுரங்கத் தொழிலாளர்கள் அதிகம். ஆகவே ஒவ்வொரு ஆட்டமும் மானப் பிரச்சினை!

இந்தக் கோப்பையை அதிக முறை வென்றது எது? டர்ஹாம் மாவட்டத்தில் உள்ள பிஷப் ஆக்லண்ட். 10 முறை! வேறு எந்தக் கோஷ்டியும் அதை நெருங்கவில்லை. வடக்கு லீக் சாம்பியன் பட்டத்தையும் அது 19 முறை பெற்றிருக்கிறது.

அதற்குப் பக்கத்து ஊர் குரூக். அந்த ஊர்க் கோஷ்டி அமெச்சூர் கோப்பையை 5 முறை வென்றது. 5 இறுதி ஆட்டம் ஆடி, ஐந்திலும் வெற்றி!

இரண்டு ஊர், மூன்று ஆட்டம்

பிஷப் ஆக்லண்டுக்கும் குரூக்குக்கும் இடையே தூரம் சுமார் 5 மைல்தான். 1954-ல் இந்த இரண்டு கோஷ்டிகளும் அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்து விட்டன.

ஆட்டம் லண்டனில் வெம்பிளி மைதானத்தில் ஏப்ரல் 10-ந்தேதி நடந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுவதற்காக 250 மைல் பயணம் செய்தார்கள்! ரயில் ரயிலாக, பஸ் பஸ்ஸாக மக்கள் புறப்பட்டுப் போனார்கள். சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களின் ஆட்டத்தைப் பார்க்க மைதானத்தில் 1 லட்சம் பேர்!

ஆட்டத்தின் நடுவே பிஷப் ஆக்லண்ட் ஆட்டக்காரர் ஒருவரின் கால் முறிந்தது. அந்தக் காலத்தில் ஒருவருக்குப் பதில் வேறு ஒருவரை இறக்க விதி இடம் தராது. மிச்சம் இருந்த 10 பேர் விடாமல் போராடினார்கள். கூடுதல் நேரமும் முடிந்தது. 2-2. சமம்!

மறு ஆட்டம் நியூகாசில் நகரத்தில் நடந்தது. 56 ஆயிரம் பேர் பார்த்தார்கள். மறுபடியும் 2-2!

மூன்றாவது ஆட்டம் மிடில்ஸ்பரோவில். 36 ஆயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். அன்றுதான் முடிவு தெரிந்தது. குரூக் ஒரே ஒரு கோல் போட்டது. கோப்பை குரூக்குக்குப் போனது.

மூன்று ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தவர்கள் ஒரு லட்சத்து 92 ஆயிரத்துக்கும் அதிகம். ஆடிய ஆட்டக்காரர்களோ திங்கட்கிழமை மறுபடியும் வேலைக்குப் போக வேண்டியவர்கள்!

தோல்விக்குப் பின் வெற்றி

பிஷப் ஆக்லண்ட் 1950-ல் இறுதி ஆட்டத்தில் தோற்றது. 1951-லும் தோற்றது. 1954-லும் தோற்றது. "இனி இவர்களால் முடியாது" என்று பலர் பேசினார்கள்.

அந்தக் கோஷ்டியின் தூண் பாப் ஹார்டிஸ்டி. வழுக்கைத் தலை. வயது 34. ஆனால் பந்து அவர் காலுக்கு வந்தால் சொன்னபடி கேட்கும். 1948 லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் பிரிட்டிஷ் கோஷ்டியில் ஆடியவர். இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் 1-2 என்ற கணக்கில் தோற்று, எல்லோரையும் வியக்க வைத்த அதே ஒலிம்பிக்தான் அது.

1955-ல் பிஷப் ஆக்லண்ட் மறுபடியும் வெம்பிளிக்கு வந்தது. ஹெண்டன் கோஷ்டியை 2-0 என்று வென்றது. 1956-ல் வென்றது. 1957-லும் வென்றது. தொடர்ந்து 3 ஆண்டுகள்! அமெச்சூர் கோப்பையின் வரலாற்றில் வேறு யாரும் செய்யாத சாதனை.

விமானம் விழுந்த போது

1958-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந்தேதி. ஜெர்மனியில் மியூனிக் விமான நிலையத்தில் ஒரு விமானம் பனியில் மேலே எழும்ப முடியாமல் விபத்துக்கு உள்ளாயிற்று. அதில் இருந்தவர்கள் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள். 8 ஆட்டக்காரர்கள் உள்பட 23 பேர் மாண்டார்கள். மானேஜர் மாட் பஸ்பி ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடினார்.

பந்தயங்களோ நிற்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அச்சிட்ட தாளில் மான்செஸ்டர் ஆட்டக்காரர்களின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. யார் ஆடுவார்கள் என்று அச்சிடும்போது யாருக்கும் தெரியாது!

அந்த நேரத்தில் உதவிக்கு வந்தது பிஷப் ஆக்லண்ட். ஹார்டிஸ்டி, டெரிக் லெவின், வாரன் பிராட்லி ஆகிய மூவரும் மான்செஸ்டருக்குப் போனார்கள். ஒலிம்பிக் பந்தயத்தில் ஹார்டிஸ்டிக்குப் பயிற்சி கொடுத்தவர் இதே பஸ்பிதான். ஆட்டத்தில் இருந்து ஓய்வு பெற்றிருந்த ஹார்டிஸ்டி, பழைய குருவுக்காக மறுபடியும் பூட்ஸ் மாட்டினார். இரண்டாம் வரிசைக் கோஷ்டியில் இளைஞர்களோடு நின்று கை கொடுத்தார்.

பிராட்லி ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவர் மான்செஸ்டரின் முதல் கோஷ்டியிலேயே இடம் பிடித்தார். 1959-ல் இங்கிலாந்து நாட்டுக்காக 3 ஆட்டங்கள் ஆடினார்.

பணக்காரக் கோஷ்டி ஒன்று நொறுங்கிக் கிடந்தபோது, சிற்றூர்க் கோஷ்டி ஒன்று தன் நல்ல ஆட்டக்காரர்களைக் கொடுத்தது. வடக்கு லீகில் இதைப் பெருமையோடு சொல்கிறார்கள்.

பூட்சுக்குள் பணம்

அந்த லீகில் எல்லோரும் உத்தமர்களாகவே இருந்தார்களா? அப்படிச் சொல்ல முடியாது.

அமெச்சூர் ஆட்டக்காரர் பணம் வாங்கக் கூடாது. பயணச் செலவு மட்டும் வாங்கலாம். ஆனால் நல்ல ஆட்டக்காரர் பக்கத்து ஊருக்குப் போய் விடுவாரோ என்ற பயம் எல்லாச் சங்கங்களுக்கும் இருந்தது. ஆகவே ரகசியமாகப் பணம் கொடுத்தார்கள். ஆட்டம் முடிந்து வந்து பூட்சை எடுத்தால் அதற்குள் காசு இருக்கும்! யார் வைத்தது? யாருக்கும் "தெரியாது"!

1928-ல் குட்டு வெளிப்பட்டது. டர்ஹாம் கால்பந்து சங்கம் விசாரணை நடத்தியது. மாவட்டத்தில் 300-க்கும் அதிகமான ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஒரே சமயத்தில் இத்தனை பேருக்குத் தடை! ஊருக்கு ஊர் பரபரப்பு.

இதில் நியாயம் எந்தப் பக்கம்? விதியை மீறியது தவறுதான். ஆனால் லீவு போட்டால் கூலி போய் விடும் சுரங்கத் தொழிலாளிக்கு, ஆட்டம் என்பது நஷ்டக் கணக்கு. கையில் காசு உள்ளவன் "பணம் வேண்டாம்" என்று சுலபமாகச் சொல்லி விடலாம். பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்க வேண்டியவன் என்ன செய்வான்? டிக்கெட் வசூல் குவிந்தபோது, ஆடியவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்பது சரியா? இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

கடைசியில் 1974-ல் இங்கிலாந்து கால்பந்து சங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. "அமெச்சூர், சம்பளக்காரர் என்ற வித்தியாசமே வேண்டாம். இனி எல்லோரும் ஆட்டக்காரர்கள்தான்" என்று அறிவித்தது. அத்தோடு அமெச்சூர் கோப்பையும் நின்று போயிற்று.

கொடி விழுந்த கதை

வடக்கு லீக் நிற்கவில்லை. 1978-ல் இங்கிலாந்தையே அது உலுக்கி விட்டது.

அந்த ஆண்டு பிளித் ஸ்பார்ட்டன்ஸ் என்ற வடக்கு லீக் கோஷ்டி எப்.ஏ. கோப்பையில் ஆடியது. அந்தப் பந்தயத்தில் சின்னக் கோஷ்டியும் பெரிய கோஷ்டியும் கலந்து ஆடலாம். ஸ்டோக் சிட்டி என்ற பெரிய கோஷ்டியை அதன் சொந்த மைதானத்திலேயே பிளித் 3-2 என்று தோற்கடித்தது!

ஐந்தாவது சுற்றில் ரெக்ஸம் கோஷ்டியோடு மோதல். ஆட்டம் முடியப் போகிறது. பிளித் 1-0 என்று முன்னணியில் இருந்தது. ரெக்ஸம் கோஷ்டிக்கு ஒரு கார்னர் உதை கிடைத்தது. குளிரில் தரை கல் மாதிரி இறுகி இருந்தது. மூலையில் நட்ட கொடி நிற்கவில்லை. விழுந்து விட்டது. கொடி விழுந்ததால் மறுபடியும் உதைக்கச் சொன்னார் ரெப்ரி. அப்படி உதைத்ததில் கோல் விழுந்தது. 1-1!

மறு ஆட்டம் நியூகாசிலில் நடந்தது. 42 ஆயிரம் பேர் கூடினார்கள். பிளித் 1-2 என்று தோற்றது. அந்த ஊரில் வயதானவர்கள் இன்னும் அந்தக் கொடியை மறக்கவில்லை.

கரி போயிற்று, பந்து போகவில்லை

காலம் மாறியது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1993-ல் டர்ஹாம் பகுதியின் கடைசிச் சுரங்கங்களும் நின்றன. வேலை போயிற்று. இளைஞர்கள் வேறு ஊர்களுக்குப் போனார்கள். லட்சம் பேர் கூடிய ஆட்டத்துக்கு இப்போது சில நூறு பேர் கூடினாலே பெரிய கூட்டம்.

ஆனாலும் கோஷ்டிகள் சாகவில்லை. டிக்கெட் கிழிப்பவர், புல் வெட்டுபவர், சட்டை துவைப்பவர், தேநீர் போடுபவர் எல்லோரும் ஊர்க்காரர்கள். பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. ஆட்டக்காரர் சிலருக்குச் சிறு தொகை கிடைக்கிறது. அமெச்சூர் என்ற பெயர் போன பிறகு, உண்மையான அமெச்சூர்கள் இவர்கள்தான்!

அமெச்சூர் கோப்பை நின்ற பிறகு சின்னக் கோஷ்டிகளுக்கு எப்.ஏ. வேஸ் என்ற பந்தயம் வந்தது. அதன் இறுதி ஆட்டம் வெம்பிளியில் நடக்கிறது. 2009 முதல் 2017 வரை 9 ஆண்டுகளில் 8 ஆண்டு அதை வென்றவை வடக்கு லீக் கோஷ்டிகள்! விட்லி பே கோஷ்டி மட்டும் 2009, 2010, 2011 என்று தொடர்ந்து 3 முறை வென்றது.

நடுவில் தவறிய அந்த ஓர் ஆண்டு 2014. அன்று இறுதி ஆட்டத்தில் 0-1 என்று தோற்ற வடக்கு லீக் கோஷ்டி எது தெரியுமா? வெஸ்ட் ஆக்லண்ட்!

டூரினில் இரண்டு முறை கோப்பை வென்ற அந்தக் கிராமத்துக்கு வெம்பிளி ராசி இல்லை. 1961-ல் அமெச்சூர் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோற்றது. 2012-ல் தோற்றது. 2014-லும் தோற்றது.

திருடன் வந்தான்

1994-ம் ஆண்டு ஜனவரி மாதம். வெஸ்ட் ஆக்லண்ட் தொழிலாளர் சங்கக் கட்டிடத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். லிப்டன் கோப்பையைத் தூக்கிக் கொண்டு போய் விட்டார்கள்.

போலீசார் தேடினார்கள். ஊரார் தேடினார்கள். கோப்பை கிடைக்கவே இல்லை. 40 பவுனுக்கு அடகு போன போதும் பத்திரமாக இருந்த கோப்பை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து மறைந்து போயிற்று.

அதே மாதிரி வேறு ஒரு கோப்பை செய்து வைத்தார்கள். பார்ப்பதற்கு அதே கோப்பைதான். ஆனால் 1909-ல் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் தொட்ட கோப்பை அது அல்ல.

2009-ல் 100 ஆண்டு நிறைவு வந்தது. வெஸ்ட் ஆக்லண்ட் ஆட்டக்காரர்கள் மறுபடியும் டூரினுக்குப் போனார்கள். ஜூவன்டஸ் இளைஞர் கோஷ்டியோடு ஆடினார்கள். இந்தத் தடவை ஜூவன்டஸ் 7-1 என்று ஜெயித்தது. 1911-ல் பட்ட அடிக்கு வட்டியும் முதலுமாகக் கணக்குத் தீர்த்து விட்டது!

ஆனால் வெஸ்ட் ஆக்லண்ட்காரர்கள் வருந்தவில்லை. தாத்தாக்கள் ஆடிய நகரத்தில் பேரன்மார் காலத்திலும் ஓர் ஆட்டம் ஆடினோம் என்பதே அவர்களுக்குப் போதும்.

இன்று வெஸ்ட் ஆக்லண்டுக்குள் நுழைந்தால் ஒரு பலகை தெரியும். முதல் உலகக் கோப்பையின் ஊர் என்று அதில் எழுதி இருக்கிறது. ஊர்த் திடலில் ஒரு சிலை இருக்கிறது. அதில் சுரங்கத் தொழிலாளியும் இருக்கிறான். கால்பந்து வீரனும் இருக்கிறான்.

சனிக்கிழமை பிற்பகல் ஆனால் மைதானத்தில் விசில் ஊதும் சத்தம் கேட்கிறது. கோப்பையைத் திருடியவன் இதை எடுத்துக் கொண்டு போக முடியவில்லை.